பீரோவில் பட்டுத் திரும்பும் அலை

எங்கள் வீட்டுக் கூடத்தை ரேடியோ அலையால் அளந்து பார்க்கும் ஆசையில், தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய இரண்டு சர்க்யூட் போர்டுகளை வாங்கியிருந்தேன். ஒன்றை டி.வி. மேசையில் வைத்தேன். இன்னொன்றை எதிர்ச்சுவர் ஓரமாக ஒரு ஸ்டூலில். லேப்டாப் திரையில் எண்கள் ஓடின: 4.03, 4.08, 4.01, 4.06. டேப்பைப் பிடித்துப் பார்த்தால் 4.05 மீட்டர். நாலைந்து சென்டிமீட்டர் பிசகு. சந்தோஷமாக இருந்தது. அடுத்து ஸ்டூலைப் படுக்கையறைக்குள் இழுத்துப்போய், இரும்பு பீரோவுக்குப் பின்னால் இருந்த இடுக்கில் வைத்தேன். தரை ஓடுகளை எண்ணிக் கணக்குப் போட்டதில் நேர்க்கோட்டுத் தூரம் 5.20 வந்தது. திரையோ 6.10 என்றது. 6.12, 6.09, 6.11. நடுவில் ஒரே ஒரு முறை 5.22 எட்டிப் பார்த்துவிட்டு மறுபடி 6.10-இல் போய் உட்கார்ந்துகொண்டது. பீரோ கதவைத் திறந்தேன். எண் கொஞ்சம் நகர்ந்தது. மூடினேன், பழையபடி.

“என்னடா, பீரோவைத் திறந்து திறந்து மூடுறே? என்ன தொலைஞ்சுது?” என்றார் அம்மா, அடுக்களையிலிருந்து.

“தொண்ணூறு சென்டிமீட்டர்மா.”

ரேடியோ அலை ஒரு நானோ வினாடியில், அதாவது ஒரு வினாடியில் நூறு கோடியில் ஒரு பங்கு நேரத்தில், 30 செ.மீ. போகும். 90 செ.மீ. என்றால் 3 நானோ வினாடித் தாமதம். இரும்புத் தகட்டைத் துளைக்க முடியாத அலை, பக்கத்துச் சுவரிலோ ஜன்னல் கம்பியிலோ பட்டு, சுற்றிக்கொண்டு ஸ்டூலுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. போர்டு அலை நடந்த தூரத்தைச் சரியாகத்தான் சொன்னது. நான் கேட்டது வேறு தூரம்.

சுவரிலும் பீரோவிலும் பட்டுத் திரும்பும் இந்த அலைகளுக்குப் பொறியியல் பாடப்புத்தகம் பல்வழிப் பரவல் என்று பெயர் வைத்திருக்கிறது. எதிரொலி என்றே சொல்லலாம். கம்பியில்லா இன்டர்நெட்டை வேகப்படுத்தும் ஆராய்ச்சி ஒரு துறை; கட்டடத்துக்குள் ஒரு பொருளோ ஆளோ எங்கே இருக்கிறார் என்று கண்டுபிடிக்கும் ஆராய்ச்சி இன்னொரு துறை. மாநாடுகள் வேறு, ஆய்விதழ்கள் வேறு. ஆனால் அறுபது ஆண்டு வரலாற்றைச் சேர்த்துப் படித்தால், இரண்டு பேரும் ஒரே எதிரொலியோடுதான் மல்லுக்கு நின்றிருக்கிறார்கள் என்று தெரியும். ஒரு துறை குப்பை என்று கழித்ததை எடுத்து இன்னொரு துறை பிழைத்திருக்கிறது. அதுவும் ஒருமுறை இல்லை.

கல்யாண மண்டபத்தில் மைக் பிடித்துப் பேசியவர்களுக்கு எதிரொலியின் தொல்லை தெரியும். வேகமாகப் பேசினால் முந்தைய சொல்லின் வால் அடுத்த சொல்லின் தலையில் ஏறிவிடும். நிறுத்தி நிதானமாகப் பேசினால் புரியும். ஆனால் பேச்சு முடிய இரண்டு மடங்கு நேரமாகும். கம்பியில்லாத் தகவல் தொடர்பிலும் இதே சிக்கல்தான். ஒரு பிட்டை அனுப்பும் நேரம் குறையக் குறைய, சுவரில் பட்டு வரும் பழைய பிட் புதிய பிட்டின் மேல் விழுகிறது. ஒரு கட்டத்துக்கு மேல் வேகத்தைக் கூட்டிப் பயனில்லை.

இதற்கு ஒரு வழியை 1966-இல் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ராபர்ட் சாங் எழுதினார். ஒருவர் வேகமாகப் பேசுவதற்குப் பதில் ஐம்பது பேர் ஐம்பது சுருதியில், ஒருவர் சுருதி மற்றவரைத் தொடாதபடி, ஒரே நேரத்தில் மெதுவாகப் பேசட்டும். ஒவ்வொருவரும் நிதானமாகப் பேசுவதால் எதிரொலி ஓய்ந்துவிடும். எல்லாரையும் சேர்த்துப் பார்த்தால் வேகம் குறைவதில்லை. ஓ.எஃப்.டி.எம். என்று இன்று அழைக்கப்படும் முறை இது. ஐம்பது சுருதிகளை ஒரே சமயத்தில் எழுப்பவும் பிரிக்கவும் தனித்தனிக் கருவி வைத்தால் கட்டுப்படியாகாது. ஃபூரியே கணக்கைக் கொண்டு அதை ஒரே இயந்திரத்தில் செய்யலாம் என்று 1971-இல் வைன்ஸ்டீனும் எபர்ட்டும் காட்டினார்கள். அப்போதும் அந்தக் கணக்கை வேகமாகப் போடும் சிப் மலிவாகக் கிடைக்கவில்லை.

இங்கே ஆஸ்திரேலியாவின் அரசு ஆய்வு நிறுவனமான சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. கதைக்குள் வருகிறது. அங்கிருந்த ஜான் ஓ’சல்லிவன் வானொலி வானியல்காரர். ஸ்டீஃபன் ஹாக்கிங் கணித்தபடி சிறு கருந்துளைகள் வெடித்து மறைந்தால் அதிலிருந்து ஒரு நொடிப்பொழுது ரேடியோத் துடிப்பு வர வேண்டும். அதைத் தேடியவர்களில் அவர் ஒருவர். தேடியது கிடைக்கவில்லை. ஆனால் விண்வெளியைக் கடந்து வரும்போது சிதைந்து மங்கிப்போன துடிப்பை மறுபடி கூர்மையாக்கும் கணக்குகள் கைவசம் வந்தன. 1990களின் தொடக்கத்தில் அவரும் சகாக்கள் நால்வரும் அந்த அனுபவத்தைக் கட்டடத்துக்குள் சிதையும் ரேடியோவின் பக்கம் திருப்பினார்கள். 1992-இல் ஆஸ்திரேலியாவில் விண்ணப்பம். 1996 ஜனவரியில் அமெரிக்கக் காப்புரிமை. பிற்பாடு கம்ப்யூட்டர் நிறுவனங்கள் மீது வழக்குகள் தொடுத்து, 40 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் அந்த நிறுவனம் வசூலித்தது.

வை-ஃபையைக் கண்டுபிடித்தது ஆஸ்திரேலியா என்று அந்நாட்டுப் பத்திரிகைகள் எழுதுவதுண்டு. அது கொஞ்சம் அதிகப்படி. நெதர்லாந்தில் என்.சி.ஆர். நிறுவனத்தின் பொறியாளர்கள் உருவாக்கிய வேவ்லேன் என்ற கம்பியில்லா இணைப்பு அதற்கு முன்பே இருந்தது. வை-ஃபையின் தரக்குழுவுக்குத் தலைமை தாங்கிய விக் ஹேய்ஸும் அங்கிருந்து வந்தவர்தான். சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. குழுவின் பங்கை நான் இப்படிப் பார்க்கிறேன்: தனித்தனியாகக் கிடந்த உத்திகளை ‘நாலு சுவருக்குள் அலை எப்படி நடந்துகொள்கிறது’ என்ற ஒரே கேள்வியைச் சுற்றி அவர்கள் தொகுத்தார்கள். அது சின்ன வேலை இல்லை.

1999-இல் வந்த 802.11ஏ என்ற வை-ஃபை தரத்தில் கணக்கு இப்படி: 52 துணை அலைகள், ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3.2 மைக்ரோ வினாடி. அதற்கு முன்னால், புதிதாக எதுவும் சொல்லாமல் எதிரொலி ஓயக் காத்திருக்கும் 0.8 மைக்ரோ வினாடி. அந்த 0.8 மைக்ரோ வினாடியில் அலை 240 மீட்டர் போய்விடும். நேர்வழியைவிட 240 மீட்டர் வரை கூடுதலாகச் சுற்றி வரும் எந்த எதிரொலியும் தொல்லை தராது. பதிலுக்குக் கொடுக்கும் விலை, மொத்த நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கு. எதிரொலியைச் சமாளித்தாயிற்று, ஆனால் அது இன்னும் நஷ்டக் கணக்கிலேயே இருந்தது. அதை லாபக் கணக்குக்கு மாற்றியவர், பிரதானமாக, ஒரு பொள்ளாச்சிக்காரர். அவர் அங்கே வந்து சேர்ந்த பாதை கடல் வழியாகப் போகிறது.

1971 டிசம்பர் 9 இரவு, டையூவுக்கு அப்பால் அரபிக்கடலில் ஐ.என்.எஸ். குக்ரி என்ற இந்தியப் போர்க்கப்பல், ஹாங்கோர் என்ற பாகிஸ்தான் நீர்மூழ்கியின் டார்பிடோ தாக்கி மூழ்கியது. 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் உயிரிழந்தார்கள். குக்ரியின் சோனார், நீர்மூழ்கியைத் தூரத்திலேயே கண்டுகொள்ளும் திறன் இல்லாத பழைய கருவி. கடலுக்குள் ஒலியை அனுப்பி, எதிரொலி எந்தத் திசையிலிருந்து எவ்வளவு நேரம் கழித்து வருகிறது என்று பார்ப்பதுதான் சோனார். வெப்பமண்டலக் கடலில் மேல்தண்ணீர் சூடாகவும் கீழே குளிர்ந்தும் இருப்பதால் ஒலி நேராகப் போகாமல் வளைகிறது. கடற்பரப்பிலும் அடித்தரையிலும் பட்டு வரும் எதிரொலிகள் வேறு.

அந்தக் காலத்தில் டெல்லி ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் இந்திரேசனிடம் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த கடற்படை அதிகாரி ஆரோக்கியசாமி பால்ராஜ். 1944-இல் பொள்ளாச்சியில் பிறந்தவர். பழைய பிரிட்டிஷ் சோனார்களைத் திருத்தும் வேலையில் இறங்கி, பின்னர் கொச்சியிலுள்ள கடற்படை ஆய்வகத்தில் ஆப்சோ என்ற புதிய சோனாரின் உருவாக்கத்துக்குத் தலைமை தாங்கினார். 1980களின் நடுவில் ஸ்டான்ஃபோர்டுக்கு வருகை ஆய்வாளராகப் போனபோது தாமஸ் கைலாத், ரிச்சர்ட் ராய் ஆகியோருடன் சேர்ந்து எஸ்ப்ரிட் என்ற கணக்கு முறையை உருவாக்கினார். பல ஆன்டெனாக்களில் வந்து விழும் கலவை அலையிலிருந்து, எந்தெந்தத் திசையிலிருந்து எத்தனை அலை வந்தது என்று பிரித்துச் சொல்லும் முறை அது. கவனியுங்கள், இது முழுக்க முழுக்க இடமறியும் துறையின் வேலை. இன்டர்நெட் வேகத்துக்கும் இதற்கும் அப்போது ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

கடற்படையிலிருந்து ஓய்வுபெற்று 1991-இல் மறுபடி ஸ்டான்ஃபோர்டு சென்றவர், பக்கத்துப் பக்கத்தில் உள்ள இரண்டு ஒலிபரப்பிகளின் அலைகளைப் பிரித்தெடுக்கும் சோதனைகளில் இருந்தார். வெட்டவெளியில் இது கஷ்டம். தூரத்து வயலில் தோளோடு தோள் நின்று இரண்டு பேர் ஒரே சமயத்தில் கூப்பிட்டால், இரண்டு குரலும் ஒரே திசையிலிருந்து வருவதாகவே நம் காதுக்குப் படும். அதே இருவர் தூணும் சுவரும் நிறைந்த மண்டபத்துக்குள் நின்றால்? ஒருவர் குரல் இந்தத் தூணில் பட்டு வரும், மற்றவர் குரல் அந்தச் சுவரில். எதிரொலியின் கோலம் ஆளுக்கு ஆள் மாறுகிறது. அலை சிதறும் இடத்தில் பிரித்தெடுப்பது சுலபமாகிறது என்று பால்ராஜ் கண்டார்.

அங்கிருந்து அடுத்த எட்டு: பிரித்தெடுக்க முடியும் என்றால், ஒரே அலைவரிசையில் வேண்டுமென்றே இரண்டு ஆன்டெனாவிலிருந்து இரண்டு வெவ்வேறு செய்திகளை அனுப்பலாமே! அலைக்கற்றை கூடாமல் வேகம் இரட்டிப்பாகும். நான்கு ஆன்டெனா என்றால் நான்கு மடங்கு. அவரும் கைலாத்தும் 1992-இல் விண்ணப்பித்த காப்புரிமை 1994-இல் கிடைத்தது. இதுவே மைமோ என்று உலகம் அழைக்கும் முறையின் ஆதி ஆவணங்களில் முக்கியமானது. பெல் ஆய்வகத்தில் டெலட்டாரும் ஃபோஷினியும் 1995, 1996-இல் எழுதிய கட்டுரைகள் இதற்குக் கணித அடித்தளம் போட்டன. பால்ராஜ் தொடங்கிய ஐயோஸ்பான் நிறுவனத்தை 2003-இல் இன்டெல் வாங்கியது. 2009-இல் வந்த 802.11என் வை-ஃபையில் நான்கு இழைகள் வரை இடமுண்டு. 4ஜி, 5ஜி இரண்டும் இதன் மேல்தான் நிற்கின்றன. 2014-இல் அவருக்கு மார்க்கோனிப் பரிசு கிடைத்தது. உங்கள் ரூட்டரில் நாலு கொம்பு முளைத்திருப்பதன் காரணம், வீட்டுச் சுவர்கள் எதிரொலிக்கும் என்ற நம்பிக்கை.

எதிரொலி போதாத இடங்களும் உண்டு. சமவெளிக் கிராமத்தில் டவருக்கும் வீட்டுக்கும் நடுவே மறைப்பு எதுவுமில்லாத வெட்டவெளியில் மைமோவின் கைவரிசை குறைகிறது. டவர்கள் தூரம் தூரமாக இருப்பதால் கையடக்க போனின் குரல் டவரை எட்டுவதும் பாடாகிறது. இந்திய கிராமங்களில் ஃபைபர் பஞ்சாயத்து வரைதான் வருகிறது. அங்கே டவர் வைத்தால் அடுத்த டவர் சுமார் 6 கி.மீ. தள்ளி. ஐ.ஐ.டி. மெட்ராஸும் அதையொட்டி இயங்கும் கம்பியில்லாத் தொழில்நுட்ப மையமும் சேர்ந்த இந்தியத் தரப்பு, 5ஜிக்கான சர்வதேசச் சோதனை நிபந்தனைகளில் இந்த 6 கி.மீ. கிராமத்தையும் ஒன்றாகச் சேர்க்க வைத்தது. அதைச் சமாளிக்க வந்த 5ஜிஐ என்ற இந்தியத் தரம் 2020-இல் சர்வதேச ஒப்புதல் பெற்று, 2021 இறுதியில் உலகப் பொதுத் தரத்தோடு கலந்துவிட்டது. தனித்தரமாக அது நீடிக்காமல் போனதில் எனக்கு வருத்தமில்லை. தனி சிப், தனி போன் என்று போயிருந்தால் செலவைக் கிராமத்துக்காரர்தான் சுமந்திருப்பார். 6 கி.மீ. என்ற கேள்வியை உலகத்தின் மேசையில் வைத்ததுதான் உருப்படியான காரியம்.

இதே ஐ.ஐ.டி. மெட்ராஸ் வளாகத்தில் 1990களில் அசோக் ஜுன்ஜுன்வாலா குழுவினர் உருவாக்கிய கார்டெக்ட்டையும் இங்கே சொல்ல வேண்டும். அலுவலகத்துக்குள் நடந்தபடி பேசும் கார்ட்லெஸ் போனுக்காக ஐரோப்பா வகுத்த டெக்ட் தரத்தை எடுத்து, 10 கி.மீ. தூரம் வரை குரலும் கூடவே 35 கிலோபிட் இன்டர்நெட்டும் கொடுக்கும்படி மாற்றினார்கள். ஐந்தாறு கிலோமீட்டரைத் தாண்டினால் அலை வந்து சேரும் தாமதமே ஒருவர் பேச்சை அடுத்தவர் முறைக்குள் தள்ளிவிடும். யார் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார் என்று தெரிந்தால்தான் அதைச் சரிசெய்ய முடியும்.

இதில் ஒரு சுவாரசியம் இருக்கிறது. எந்த செல்போன் டவரும் தூரம் அளந்துகொண்டேதான் இருக்கிறது. 2ஜியில் எல்லோருக்கும் முறைவைத்து நேரத்துண்டுகள். தூரத்தில் இருப்பவர் குரல் தாமதமாக வந்து அடுத்தவர் துண்டில் விழாமலிருக்க, டவர் ஒவ்வொரு போனிடமும் ‘நீ இத்தனை படி முன்கூட்டிப் பேசு’ என்கிறது. ஒரு படி சுமார் 550 மீட்டர். மொத்தம் 63 படி. 63-ஐ 550-ஆல் பெருக்கினால் 35 கி.மீ. கிட்ட வரும். கரையிலிருந்து அதைத் தாண்டிப் போன விசைப்படகில், டவர் கண்ணுக்குத் தெரியும் உயரத்தில் இருந்தாலும், சாதாரண 2ஜி அமைப்பில் போன் எடுபடாததற்குக் காரணம் அந்த 63. 4ஜியில் ஒரு படி 78 மீட்டராகச் சுருங்கியது. பேச்சு மோதாமலிருக்கத்தான் இந்த ஏற்பாடு. ஆள் இருக்கும் தூரம் அதிலேயே கிடைத்துவிடுகிறது.

78 மீட்டர் தெருவைச் சொல்லும், அறையைச் சொல்லாது. ஜி.பி.எஸ்.ஸைக் கேட்கலாமென்றால், 20,200 கி.மீ. உயரத்திலிருந்து வரும் அந்தச் சிணுங்கல் கான்கிரீட் கூரைக்குக் கீழே எடுபடுவதில்லை. அதனால்தான் கட்டடத்துக்குள் இடமறிவது தனித்துறையாக வளர்ந்தது.

எம்.ஐ.டி.யில் 2000-இல் வந்த கிரிக்கெட் என்ற கருவி எனக்குப் பிடித்த உதாரணம். விளையாட்டு இல்லை, சில்வண்டு. கூரையில் பொருத்திய சிறு பெட்டி ஒரே நேரத்தில் ரேடியோத் துடிப்பையும் காதுக்குக் கேட்காத ஒலித் துடிப்பையும் அனுப்பும். மின்னலைப் பார்த்து, இடி எப்போது கேட்கிறது என்று எண்ணி, மழை எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று சொல்வோமே, அதே கணக்கு. ரேடியோ மின்னல், ஒலி இடி. ஒலி மெதுவாக நடப்பதால் சாதாரணக் கடிகாரமே போதும், சில சென்டிமீட்டர் துல்லியம் வந்துவிடும். இதை உருவாக்கியவர்களில் ஒருவர், சென்னையில் வளர்ந்து ஐ.ஐ.டி. மெட்ராஸில் படித்த ஹரி பாலகிருஷ்ணன். அவருடைய முந்தைய ஆராய்ச்சி என்ன தெரியுமா? இன்டர்நெட்டின் டி.சி.பி. நெறிமுறை, ஒரு பாக்கெட் தொலைந்தால் வழியில் நெரிசல் என்று எண்ணி வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கம்பியில்லா இணைப்பில் பாக்கெட் தொலைவது பெரும்பாலும் சிக்னல் மங்குவதால்; நெரிசலே இருக்காது. அந்தத் தவறான புரிதலை டவர் பக்கத்திலேயே மடக்கித் திருத்தும் ஸ்னூப் என்ற உத்தியை 1995-இல் பெர்க்லியில் மாணவராக இருந்தபோது சகாக்களோடு எழுதினார். முதலில் வேகம், பிறகு இடம். பால்ராஜ் போனதற்கு எதிர்த்திசை. 2023-இல் இவருக்கும் மார்க்கோனிப் பரிசு.

கிரிக்கெட்டுக்குக் கூரையெங்கும் பெட்டி மாட்ட வேண்டும். அதே 2000-இல் மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தின் பாஹ்லும் பத்மநாபனும் வேறு வழியில் போனார்கள். எதிரொலியைப் புரிந்துகொள்ள முயலவே வேண்டாம், மனப்பாடம் செய்துவிடலாம் என்பது அவர்கள் யோசனை. அலுவலகத்தின் ஒவ்வொரு இடத்திலும் நின்று, எந்தெந்த வை-ஃபை பெட்டியின் சிக்னல் எவ்வளவு பலமாக இருக்கிறது என்று குறித்துக்கொண்டால், பிறகு வருபவரின் அளவை அந்தப் பட்டியலோடு ஒப்பிட்டு அவர் இருக்குமிடத்தைச் சொல்லலாம். இரண்டு மூன்று மீட்டர் துல்லியம் கிடைத்தது. ஆனால் அளப்பவர் எந்தத் திசை பார்த்து நிற்கிறார் என்பதையும் குறிக்க வேண்டியிருந்தது. அவர் உடம்பே அலையை மறைக்கிறது. பீரோவை இடம் மாற்றினால் பட்டியல் பழசாகிவிடும்.

துல்லியம் எங்கிருந்து வருகிறது? அலைக்கற்றையின் அகலத்திலிருந்து. 20 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள வை-ஃபைக்கு, 15 மீட்டருக்குள் அடங்கும் எதிரொலிகள் எல்லாம் ஒரே மொத்தையாகத் தெரியும். எங்கள் வீடு முழுவதும் அதற்கு ஒரே புள்ளி. 500 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் பேசினால் துடிப்பு 2 நானோ வினாடிக்குச் சுருங்கும், 60 செ.மீ. வித்தியாசமுள்ள எதிரொலிகள் தனித்தனியே தெரியத் தொடங்கும். முதல் துடிப்பின் விளிம்பைப் பிடித்தால் 10 செ.மீ. வரை போகலாம். அல்ட்ரா வைட்பேண்ட் என்பது இதுதான்.

வேடிக்கை என்னவென்றால், இந்தத் தொழில்நுட்பம் சந்தைக்கு வந்தது இடமறிய இல்லை, வேக இன்டர்நெட்டுக்காக. 2002 பிப்ரவரியில் அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம் 3.1 முதல் 10.6 கிகாஹெர்ட்ஸ் வரையான அகன்ற பட்டையைத் திறந்துவிட்டது. நிபந்தனை, சத்தம் மிகக் குறைவாக இருக்க வேண்டும்: கம்ப்யூட்டர் போன்ற கருவிகள் தற்செயலாகக் கசியவிட அனுமதிக்கப்பட்ட அளவுதான். 500 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் கூட்டிப் பார்த்தால் ஒரு மில்லிவாட்டில் 25-இல் ஒரு பங்குகூட வராது. நிறுவனங்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தன. யாருடைய முறை தரமாவது என்று மூன்று ஆண்டு இழுபறி; 2006 ஜனவரியில் தரக்குழுவே கலைக்கப்பட்டது. வென்றும் வெல்லாமலும் ஒரு கட்சி, 3 மீட்டருக்குள் 480 மெகாபிட் தரும் கம்பியில்லா யு.எஸ்.பி.யை விற்றுப் பார்த்தது. அதற்குள் மைமோ ஏறிய வை-ஃபை வந்து, வீடு முழுக்க அந்த வேகத்தைக் கொடுக்கத் தொடங்கியிருந்தது. 2009-இல் அந்தக் கட்சியின் கூட்டமைப்பு தன் ஆவணங்களை மற்ற அமைப்புகளிடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கியது. எதிரொலியைத் துல்லியமாகப் பார்க்கத் தெரிந்த தொழில்நுட்பத்தை, எதிரொலியைப் பயன்படுத்தத் தெரிந்த தொழில்நுட்பம் ஓரம் கட்டியது.

குறைந்த வேகமும் துல்லியமான தூரமும் போதும் என்று 2007-இல் வந்த 802.15.4ஏ என்ற இன்னொரு தரம் மட்டும் சத்தமில்லாமல் பிழைத்துக் கிடந்தது. டப்ளினில் அதே ஆண்டு தொடங்கிய டெக்காவேவ் அதற்கு சிப் செய்தது. அதன் கடிகாரம் நேரத்தைக் குறிக்கும் நுணுக்கம் சுமார் 15 பிகோ வினாடி. தூரமாகப் பார்த்தால் அரை சென்டிமீட்டர். 2019-இல் ஆப்பிள் தன் ஐபோன் 11-இல் அல்ட்ரா வைட்பேண்ட் சிப்பை வைத்தது. 2021-இல் சாவிக்கொத்து தேடும் ஏர்டேக் வந்தது.

கடிகாரம் பற்றி ஒரு வார்த்தை. இரண்டு கருவிகள் ‘நீ எங்கே’, ‘நான் இங்கே’ என்று ஒருமுறை கேட்டுப் பதில் சொல்லித் தூரம் அளக்கின்றன. பதில் சொல்ல 300 மைக்ரோ வினாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டின் கடிகாரங்களும் பத்து லட்சத்தில் 20 பங்கு வித்தியாசமாக ஓடினால், அதனாலேயே 90 செ.மீ. தவறு வந்துவிடும். பீரோ செய்த அதே அளவு! மறுபடி ஒரு கேள்வி கேட்டு இரண்டு சுற்றையும் சேர்த்துக் கணக்கிட்டால் அந்தத் தவறு கிட்டத்தட்ட முழுக்க அடிபட்டுப் போகும். கடிகாரத்தைக் கணக்கால் திருத்தலாம். பீரோ கணக்குக்கு மசிவதில்லை.

பழைய வை-ஃபைக்கே திரும்பி வந்தவர்களும் உண்டு. 2015-இல் ஸ்டான்ஃபோர்டில் வந்த ஸ்பாட்ஃபை என்ற ஆய்வை எடுத்துக்கொள்ளலாம். ஓ.எஃப்.டி.எம். துணை அலை ஒவ்வொன்றும் ஒவ்வொரு ஆன்டெனாவிலும் எவ்வளவு சிதைந்து வந்தது என்ற பட்டியலை எந்த வை-ஃபை சிப்பும் கணக்கிட்டே ஆக வேண்டும். அது இல்லாமல் செய்தியைப் பிரிக்க முடியாது. வேலை முடிந்ததும் அதைத் தூக்கிப் போட்டுவிடும். ஆய்வாளர்கள் அந்தப் பட்டியலை எடுத்து, எஸ்ப்ரிட்டுக்கு அக்கா முறையாகும் மியூசிக் என்ற 1970களின் திசையறியும் கணக்குக்குள் செலுத்தினார்கள். மூன்று ஆன்டெனா உள்ள சாதாரண வை-ஃபை கார்டுகளைக் கொண்டே 40 செ.மீ. துல்லியம் கிடைத்தது. சோனார்க்காரர்களின் கணக்கு மைமோவாகி வை-ஃபைக்குள் போய், வை-ஃபையின் கழிவிலிருந்து மறுபடி இடமறியும் கருவியாக வெளியே வந்துவிட்டது.

அந்தப் பட்டியலில் போன் வைத்திருப்பவர் மட்டுமா இருக்கிறார்? கையில் எதுவுமே இல்லாமல் அறையைக் கடந்து போகிறவரும் எதிரொலியை மாற்றுகிறார். எம்.ஐ.டி.யில் டினா கட்டாபியின் குழு 2014-இல் சுவருக்கு அப்பால் நடப்பவரை, அவர் உடம்பில் எந்தக் கருவியும் இல்லாமல், ரேடியோ எதிரொலியாலேயே பின்தொடர்ந்து காட்டியது. தனியாக இருக்கும் முதியவர் விழுந்தால் தெரியும் என்பது ஒரு பயன். பக்கத்து வீட்டுக்காரருக்கும் தெரியும் என்பதை விளம்பரத்தில் போடமாட்டார்கள்.

துல்லியமாகத் தூரம் அளப்பதற்கு இன்னொரு பயன், கார் திருடனைத் தடுப்பது. காரின் சாவி வீட்டுக்குள் இருக்க, வாசலில் ஒருவரும் கார் அருகே ஒருவரும் நின்று சிக்னலைக் கடத்தி, சாவி பக்கத்தில் இருப்பதாகக் காரை நம்பவைக்கும் திருட்டு ஐரோப்பாவில் பரவலானது. சிக்னலின் பலத்தைப் போலியாக்கலாம், பயண நேரத்தைக் குறைக்க முடியாது என்பதால் அல்ட்ரா வைட்பேண்ட் இதற்கு மருந்து என்றார்கள். 2020-இல் வந்த 802.15.4இசட் தரம், முன்கூட்டி ஊகிக்க முடியாத ரகசியத் துடிப்புத் தொடரைச் சேர்த்தது. 2022-இல் ஸூரிக்கின் ஈ.டி.எச். உள்ளிட்ட இடங்களைச் சேர்ந்த ஆய்வாளர்கள் அதையும் ஏமாற்றிக் காட்டினார்கள். 12 மீட்டர் தூரத்தைக் கருவி பூஜ்யம் என்று நம்பியது. நூற்றுக்கு நான்கு தடவை வரைதான் பலித்தது, ஆனால் பலித்தது.

எப்படி? இங்கேதான் என் பீரோ மறுபடி வருகிறது. மறைப்பு இருக்கும்போது நேர்வழி அலை பலவீனமாக முதலில் வரும். எதிரொலி பலமாகப் பின்னால் வரும். நல்ல கருவி பலமானதைப் பார்த்து மயங்காமல், அதற்கு முன்னால் முணுமுணுப்பாக ஏதாவது வந்ததா என்று பின்னோக்கித் தேடும். எவ்வளவு மெல்லிய முணுமுணுப்பைக் கணக்கில் சேர்ப்பது என்பதற்கு ஒரு வரம்பு வைத்திருக்கும். ரகசியத் தொடர் தெரியாத திருடன் குத்துமதிப்பாகத் துடிப்புகளை வீசுகிறான். தற்செயலாக அதில் ஒன்று அந்த வரம்பைத் தொட்டுவிட்டால், கருவி அதையே நேர்வழி என்று எடுத்துக்கொள்கிறது. வரம்பை உயர்த்தினால் திருடன் தோற்பான். கூடவே, சட்டைப்பைக்குள்ளோ கைப்பைக்குள்ளோ இருக்கும் உண்மையான சாவியும் தோற்கும்.

போர்டின் மென்பொருளில் அந்த வரம்பைத் தேடிக் கண்டுபிடித்துக் கொஞ்சம் இறக்கினேன். 5.22 அடிக்கடி வரத் தொடங்கியது. இன்னும் இறக்கினேன். 5.19, 5.24, 3.70, 5.21, 2.86. கடைசியில் பார்த்தது சமையலறை வாசல் தூரம்கூட இல்லை, வெறும் இரைச்சல். பழைய இடத்துக்கே வரம்பை ஏற்றிவிட்டு, “அம்மா, பீரோவை ரெண்டடி நகர்த்தலாமா?” என்றேன்.

“உங்க தாத்தா வச்ச எடம் அது. ஸ்டூலை வேணா எடுத்துட்டுப் போ.”